மூன்று வெட்டு

கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தூசி படியுமாம்! என் தங்கை குணசுந்தரி ஆசையாகக் கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது.

"இன்னாக்கா இது, ஒண்ணுமே இல்ல, வழவழன்னு கீது?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் 'அனைவருக்குமான அருங்காட்சியகம்' என்று ஆளுயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த அனைவரில் இவள் மட்டும் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில், சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் நைனாவின் படகு நின்றது.

குணாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அதற்காக அவளை மூலையில் உட்கார வைக்க நைனா ஒப்பவில்லை. ஏரியிலிருந்து திரும்பியதும் அவளைப் படகில் ஏற்றி, நண்டு வலையை மடியில் போட்டுவிடுவார். கொடுக்கில் கடி வாங்கி, அழுது, திட்டி, அப்படித்தான் நண்டு கழற்றப் பழகினாள். அவள் உட்காருகிற இடம் தெரிவதற்காகப் படகு விளிம்பில் கத்தியால் மூன்று வெட்டுப் போட்டு வைத்தார் நைனா. அவர் செத்த பிறகும் தினம் அந்த வெட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற நைனா போட்டோ எனக்குத்தான். அவளுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

அடிப்பலகை உளுத்துப்போன சமயத்தில்தான் இந்த அருங்காட்சியகத்து அதிகாரி தெய்வசிகாமணி குப்பத்துக்கு வந்தார். "எங்ககிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும்மா. உங்க தங்கச்சி எப்ப வேணா வந்து தொட்டுப் பாக்கலாம்" என்றார். எனக்கு மனசே இல்லை. குணாதான், "குட்த்துடுக்கா. இங்க கெடந்தா அடுப்புக்குத்தான் போவும்" என்றாள். அதிகாரி சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கொடுத்தோம்.

இப்போது அதே தெய்வசிகாமணி வந்து நின்று, "எல்லாரும் தொட்டா பாழாயிடும்மா. அவங்களுக்குன்னுதான் இது வச்சிருக்கோம்" என்று குணாவின் காதில் படகைப் பற்றிப் பேசுகிற ஒரு கருவியை மாட்டினார். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"பாரம்பரிய மரப்படகுன்றான். நைனா பேரையே சொல்லலக்கா."

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது. "இன்னா சார், எப்ப வேணா தொடலாம்னு சொன்னது உன் வாய்தானே? எங்கூட்டுப் படகு சார் இது! கயிறு கட்டி எங்களயே வெளிய நிக்க வைக்கிறியா?"

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவருக்கு மானம் போயிற்று. "சரி சரி, ரெண்டே நிமிஷம்" என்று கயிற்றை அவிழ்த்தார்.

குணா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். படகின் மூக்கில் கையை வைத்து, விளிம்போடு தடவிக்கொண்டே கடைசி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"அக்கா, இது நம்ம படகு இல்ல."

"நம்மளுதுதாண்டி. நைனா எழுதின நம்பர் கீது பாரு" என்றேன். பாரு என்றா சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட.

தெய்வசிகாமணி சிரித்த முகமாகச் சொன்னார்: "உங்க படகேதாம்மா. வெட்டு, சொட்டை எல்லாத்தையும் பட்டி வச்சு அடைச்சு, வார்னிஷ் அடிச்சிட்டோம். புதுசு மாதிரி ஆயிடுச்சில்ல?"

பாவி, என்னமாய்ப் பெருமை அந்த முகத்தில்! கெட்ட எண்ணமாக இருந்தாலாவது அறைந்துவிட்டு வந்திருப்பேன்.

குணா மறுபடி படகின் மூக்குக்குப் போனாள். மூக்கிலிருந்து சாண் சாணாக அளந்துகொண்டு போய் ஓர் இடத்தில் நின்றாள். கட்டைவிரல் நகத்தை அழுத்திச் சுரண்ட ஆரம்பித்தாள். பளபளவென்று இருந்த வார்னிஷ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"யம்மா! கைய எடு, கைய எடு!" என்று காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

நான் குறுக்கே போய் நின்றேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அவ மேல கைய வச்சுப் பாரு" என்றேன்.

அவன் நின்றுவிட்டான். அதிகாரி யாருக்கோ போன் போட்டார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் முதுகுக்குப் பின்னால், கரக் கரக் என்று, நகம் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.