எண்பத்தேழாம் வருஷத்து லாரல்

மலையடிவாரத்து ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் அந்தப் பிப்ரவரியில் மழை விடுகிற பாடாகத் தெரியவில்லை. மெரிட் கோல்பியின் கார் ஷெட் கூரை ஒழுகத் தொடங்கியது. ஆள் கூப்பிட்டால் வர ஒரு மாதமாகும் என்றார்கள். தானே ஏணி போட்டு ஏறி, உத்தரத்துக்கு மேலே வருஷக்கணக்காகத் திணித்து வைத்திருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினான். கிழிந்த கூடாரம், பனிச்சறுக்குக் கட்டைகள், யாரோ கொடுத்த தொட்டில். எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோரமாக, கடற்கரைத் துண்டில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒன்று இருந்தது.

பிரித்தான். சக்கரமில்லாத, கைப்பிடியில்லாத ஒரு சைக்கிள் பிரேம். வெறும் குழாய்கள்தான். ஆனால் அந்தப் பச்சை, நேற்று அடித்தது போல மின்னியது. பெயர் எதுவும் எழுதவில்லை. முன்குழாயில் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை இலை பதிந்திருந்தது.

அந்த இலை யாருடையது என்று மெரிட்டுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கில் டுஃப்ரேன் என்பவன் தன் கையால் செய்த சைக்கிள்களுக்குப் போட்ட முத்திரை அது. மலைச் சைக்கிள் என்று ஒன்றை உலகம் அறியாத நாளிலேயே, அந்த ஊர்ப் பிள்ளைகள் தடித்த டயர் போட்ட பழைய வண்டிகளை மலை உச்சிவரை தள்ளிக்கொண்டு போய், மண்சாலையில் தலைதெறிக்க இறங்கி வருவார்கள். கில் அந்தக் கும்பலில் ஒருவன். மெரிட்டின் மனைவி ஜோலீனும்தான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு கோடைகள் அவள் கில்லோடு சுற்றிக்கொண்டிருந்தாள். இதை மெரிட்டிடம் அவளே சொல்லியிருக்கிறாள், ஒளிக்கவில்லை.

சாயங்காலம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டான். "ஷெட்ல ஒரு சைக்கிள் பிரேம் கெடந்துது. பச்சைக் கலர்."

அவள் கரண்டி சூப்புக்கு மேலே ஒரு கணம் நின்றது. நின்றதா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தான்.

"அதுவா? பழசு. உன்னைப் பாக்குறதுக்கு முன்னாடி வாங்கினது. கெடந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மெரிட் கெட்டவன் இல்லை. கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. ஆனால் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிற ஆள். ஒரு சின்ன முள் ஏறிவிட்டால் பிடுங்கவும் மாட்டான், மறக்கவும் மாட்டான், சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பான். கூரையை அடைத்த பிறகும் நாளுக்கு ஒரு தடவை ஷெட்டுக்குப் போய் அந்தப் பிரேமைப் பார்த்தான். அவள் சொன்ன கணக்குப்படி அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றோ நாலோ ஆக இருக்க வேண்டும். அவளும் மெரிட்டும் சந்தித்தது எண்பத்து நாலு இறுதியில். கல்யாணம் எண்பத்தைந்து ஜூன். 'எண்பத்து மூணு' என்று விவரம் தெரிந்தவன் யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜோலீன் வேலைக்குப் போனதும் பிரேமை வண்டியில் போட்டுக்கொண்டு ஓரின் டீகின் சைக்கிள் கடைக்குப் போனான்.

ஓரின் தாடிக்காரன், வாய்க்காரன். பாதி தின்ற புர்ரிட்டோவைத் துணி போட்டு மூடிவிட்டு ஓடி வந்தான். "தலைவரே! இத எங்க புடிச்சீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"எங்க ஷெட்லதான் கெடந்துது. எண்பத்து மூணுன்னு நெனைக்கிறேன். பாத்துச் சொல்லு."

"எண்பத்து மூணா?" ஓரின் அதைத் தாங்கியில் மாட்டித் தலைகீழாகத் திருப்பினான். பார்த்தவுடனே சிரித்துவிட்டான். "சான்ஸே இல்ல. பின் பிரேக்கு மாட்டுற முளை எங்க இருக்கு பாருங்க."

"எங்க?"

"அந்தக் காலத்துல எல்லாம் மேல, சீட்டுக்குக் கீழ வெப்பாங்க. இதுல பெடலுக்குப் பக்கத்துல, கீழ்க்குழாய்க்கு அடியில இருக்கு. சேறு பூரா அங்கதான் வந்து அடையும். எந்தப் புண்ணியவான் யோசனையோ! எண்பத்தாறுலேர்ந்து ரெண்டு மூணு வருஷம் எல்லாருக்கும் இந்தப் பைத்தியம் புடிச்சிருந்துச்சு. அப்புறம் தெளிஞ்சுட்டாங்க."

"அப்புறமா மாத்தி வெச்சிருக்கலாம் இல்லியா?" என்றான் மெரிட்.

"மாத்தியிருந்தா பழைய இடத்துல வெட்டுன தழும்பு இருக்கணுமே. தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கு." அளவுகோலை எடுத்துப் பின்சக்கரம் உட்காரும் இடைவெளியில் வைத்தான். "ஆங். இவ்ளோ அகலம் வேற. கில் எண்பத்தாறு வரைக்கும் குறுகலாத்தான் பண்ணிட்டிருந்தான். எண்பத்தெட்டுல கடைய மூடிட்டான். அப்ப இது எண்பத்தேழு. சத்தியமே பண்ணுவேன்."

ஓரினுக்கு உற்சாகம் தாளவில்லை.

"மாடல் என்ன தெரியுமா? கில் பண்ணதே ரெண்டு மாடல்தான், ரெண்டுக்கும் இந்த மலையில வளர்ற மரஞ்செடி பேரு. மன்சனீட்டா, அது யார் வேணா வாங்கலாம். இது லாரல். ஆளுக்கு ஆள் அளவெடுத்துப் பண்றது. நான் ஒண்ணே ஒண்ணுதான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். இந்த மேல்குழாய் எப்படிச் சரிஞ்சு இறங்குது பாருங்க. குட்டை உடம்பு, நீளக் காலு. பொம்பளைக்குப் பண்ணது. பாதத்துலேர்ந்து தொடை இடுக்கு வரைக்கும் டேப் வெச்சு அளக்காம இந்த வளைவு வரவே வராது, தலைவரே. கைன்னா அது கை!"

குட்டை உடம்பு, நீளக் கால். அந்தக் கால்களை மெரிட்டுக்குத் தெரியும். தன் விரலில் மோதிரம் ஏறி இரண்டு வருஷம் ஆன பிறகு, அந்தக் கால்களை ஒருத்தன் மண்டியிட்டு உட்கார்ந்து அளந்திருக்கிறான். அந்த அளவைத் தலையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் குழாய்களை ராவி, நெருப்பில் காய்ச்சி, தடவித் தடவிப் பார்த்திருக்கிறான். கட்டின புருஷனுக்குத் தன் மனைவியின் கால் எத்தனை அங்குலம் என்று தெரியாது.

"விக்கிறீங்களா?" என்றான் ஓரின்.

"இல்ல," என்று சொல்லிப் பிரேமைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுக்குப் போகவில்லை. வண்டி நிக்காசியோ பக்கம் திரும்பியது. கில் அங்கே பண்ணைகளுக்கு இரும்புக் கதவு செய்து பிழைக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தான். ஆள் வழுக்கையாகித் தொந்தி போட்டிருக்க வேண்டுமென்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனான். வேண்டுதல் பலிக்கவில்லை. பட்டறை வாசலில் நின்ற கில்லுக்கு நரைத்த முடி தோள்வரை இருந்தது. வயிறு ஒட்டிக் கிடந்தது. காதில் மட்டும் கேட்கும் கருவி. அந்தக் கருவியைப் பார்த்ததில் மெரிட்டுக்கு ஒரு அற்ப ஆறுதல்.

அவன் வாய் திறப்பதற்குள் கில் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். "ஜோலீனோட லாரல்," என்றான். "அப்ப நீதான் மெரிட்டு."

"இத எந்த வருஷம் பண்ண?"

"எண்பத்தேழு. வசந்த காலம்."

"அப்ப அவளுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்."

"தெரியும். மோதிரத்தப் போட்டுட்டுத்தான் வந்தா."

"வேற என்ன பண்ண?"

கில் அவனை மேலும் கீழும் பார்த்தான். "வேற என்ன பண்ணேனா? பெயின்ட் அடிச்சேன்."

"விளையாடாத. அளவெடுத்தியா இல்லியா?"

"எடுத்தேன். டேப்போட அந்த முனைய என் பொண்டாட்டி புடிச்சிருந்தா. போதுமா?" கில் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான். "ஆசை இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த மலையில ஏறின எவனுக்குத்தான் அவ மேல ஆசை இல்ல? ஆனா என்கூடச் சுத்தின காலத்துல கூட அவ எங்க யாரையும் ஏறெடுத்துப் பாத்ததில்லப்பா. அவ பார்வை எப்பவும் அடுத்த வளைவு மேல. அதான் நான் வெறுத்துப்போயி வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டேன்."

பேசிக்கொண்டே பிரேமைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பின்சக்கரத்தின் அச்சு வந்து உட்காருகிற பிளவில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தான். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். முன்னால் போய்க் கைப்பிடி இறங்கும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். முகம் மெல்லச் சுருங்கியது.

"என்ன?" என்றான் மெரிட்.

"பெயின்ட்டு அப்படியே இருக்கு. ஒரே ஒரு தடவை சக்கரத்த மாட்டி முடுக்கியிருந்தாலும் இங்க பெயின்ட்டு நசுங்கியிருக்கும்." கில்லின் குரல் இறங்கியது. "ஒரு நாள் கூடவா ஓட்டல? இத்தனை வருஷத்துல? ஏன்?"

மெரிட் பிரேமை வாங்கி வண்டியில் வைத்தான். திரும்பி வரும் வழியில், வெட்கமில்லாமல், முதலில் வந்தது சந்தோஷம்தான். ஓட்டவில்லை! அவன் கையால் செய்ததை அவள் தொடவே இல்லை! இரண்டு குன்று தாண்டும்வரை அந்தச் சந்தோஷம் தாங்கியது. அதற்குப் பிறகு கில் கேட்ட 'ஏன்' வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.

கல்யாணமான புதிதில் அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மலைக்குப் போவாள். மெரிட்டுக்கு ஏற்றத்தில் மூச்சு இரைக்கும், வரமாட்டான். மத்தியானம் திரும்பி வருவாள், பல்லெல்லாம் தூசி, முழங்காலில் ரத்தம், கண்ணில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சம் அவனைப் பார்த்து வந்ததில்லை, அவனைப் பார்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அணையும். அதை அவனால் பொறுக்க முடியவில்லை. "யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்பான். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே சாந்தமான குரல். எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வேண்டாத சாமான்களை எடுத்துத் தெருவோரம் வைக்கும்போது, அவள் பழைய சைக்கிளையும் அதில் சேர்த்து வைத்தான். யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தெரியாமல் வைத்துவிட்டேன் என்றான். அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. தான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தான்.

வீட்டில் ஜோலீன் எலுமிச்சை மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். வண்டியின் பின்னால் பச்சை தெரிந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எங்க போயிருந்த?"

"நிக்காசியோ."

"ஓ! வருஷம் சொன்னானா?"

"எண்பத்தேழு."

"மாடல்?"

"லாரல்."

"பாஸாயிட்ட," என்றாள். சிரிக்கவில்லை.

"எங்கிட்ட பொய் சொன்ன."

"ஆமா, சொன்னேன். உண்மையச் சொல்லியிருந்தா, சூப்பு ஆறுறதுக்குள்ள விசாரணை ஆரம்பிச்சிருப்ப."

"அவனப் பாக்கத்தானே போன?"

"சைக்கிள் செஞ்சு வாங்கப் போனேன், மெரிட். ரொட்டி வேணும்னா ரொட்டிக் கடைக்குத்தானே போகணும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப ஏன் ஓட்டல?"

ஜோலீன் உதிர்ந்து கிடந்த கிளைகளைக் காலால் ஒதுக்கினாள். "வாங்கிட்டு வந்து ஷெட்ல வெச்சேன். ஞாயித்துக்கிழமை உங்கிட்ட சொல்லிட்டு, சக்கரம் மாட்டி எடுக்கலாம்னு. அன்னிக்குக் காலைல நீ பான்கேக் சுட்டுட்டு இருந்த. பாட்டு வேற. நான் எங்கயும் போகலன்னு அவ்ளோ சந்தோஷம் உனக்கு. சரி, அடுத்த ஞாயிறுன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் பான்கேக்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒரே ஒரு ஞாயிறு நீ ஒண்ணும் கேக்காம இருந்திருக்கலாமே."

அன்று அவள் பழைய சைக்கிளைத் தெருவில் வைத்தது தெரியாமல் நடந்ததில்லை என்று மட்டும் சொன்னான். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். கில்லோ, வேறெவனோ ஒரு பொருட்டே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தனை வருஷமும் அவன் பொறாமைப்பட்டது ஒரு மலையின் மேல். மலையோடு யாரால் சண்டை போட முடியும்?

மறுநாள் அவளே பிரேமைத் தன் காரில் போட்டுக்கொண்டு ஓரின் கடைக்குப் போனாள். அந்தக் காலத்து உதிரிகளுக்காக ஓரின் எங்கெங்கோ அலைந்தான், எவன் எவனிடமோ கெஞ்சினான். ஏப்ரலில் மழை நின்று மலையெல்லாம் பச்சை பிடித்தபோது லாரலுக்குச் சக்கரம் ஏறியது. ஐம்பத்தைந்து வயதில் ஜோலீன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பினாள். அவள் போன பிறகு மெரிட் பாத்திரம் கழுவினான், கழுவியதையே மறுபடி கழுவினான். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தான். திருந்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஒன்றே ஒன்று, அவள் திரும்பி வந்ததும் வாயைக் கட்டிக்கொண்டான். அது அவனுக்கு மலையேறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு முழங்கையில் தோல் உரிந்து, ரத்தம் வழிய, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கண்ணில் அந்த வெளிச்சம். அவன் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பஞ்சை நனைத்துக் காயத்தைத் துடைத்தான். அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்து முட்டியது. விழுங்கினான்.

அவளே சொன்னாள். "கில் வந்திருந்தான்."

பஞ்சு நின்றது. அடுத்த கணம் கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது.

"ஆ! வலிக்குதுடா!"

"தெரியாம அழுத்திட்டேன்."

"தெரிஞ்சுதான்." அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் வெளிச்சம் இன்னும் போகவில்லை. "ஏத்தத்துல பாதிக்கு மேல தள்ளிட்டுத்தான் வந்தான், பாவம்."

மெரிட் பிளாஸ்டரின் தாளை உரித்தான். பெரிய மனிதனாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. முடியவில்லை.

"ரொம்ப மூச்சு வாங்குச்சா அவனுக்கு?"

"செத்துடுவானோன்னு பயந்தேன்," என்றாள் ஜோலீன்.

"ஐயோ பாவம்," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் முழங்கையில் பிளாஸ்டரை ஒட்டினான்.