இருந்த கொஞ்ச எண்ணெய்

சுபாஸ்கரன் மலையிலிருந்து கண்மண் தெரியாத வேகத்தில் இறங்கி, வளைவில் திருப்ப முடியாமல் பள்ளத்தில் விழுந்து செத்தான் என்று ஊருக்குச் சொன்னவன் நான். பொலிசுக்குச் சொன்னேன். அவன் மனைவி வசந்தமலருக்குச் சொன்னேன். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது பொய். ஒரு வருசமாக அந்தப் பொய்யோடுதான் சோறு தின்றேன், அந்தப் பொய்யோடுதான் ஞாயிறு பூசைக்கும் போனேன்.

என் பெயர் றொட்னி. மன்னார்த் தீவில் கடற்கரைப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற கொட்டில் வைத்திருக்கிறேன். சுபாஸ்கரன் பாப்பாமோட்டை வயல்காரக் குடும்பம். என் கொட்டிலுக்கு எதிரே ஒரு கந்தோரில் அவனுக்குக் கிளார்க் வேலை. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் மோட்டார் சைக்கிளை மூலையில் போட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் வரத் தொடங்கினான். பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் விடவில்லை. சைக்கிள் பைத்தியம் முற்றிவிட்டது. காலையில் சைக்கிளை என் கொட்டிலில் சாத்திவிட்டுப் போவான், பின்னேரம் வந்து எடுப்பான்.

கடற்கரையில் இரும்பை விட்டுவைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் எண்ணெய்ச் சீலையால் நான் அவன் சைக்கிளைத் துடைத்துவிடுவேன். சட்டம், கம்பி, றிம், எல்லாம். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். றிம்மில் எண்ணெய் பூசினால் பிறேக் பிடிக்காதே என்று கேட்பீர்கள். மன்னாரில் எவன் ஐயா பிறேக் பிடிக்கிறான்? மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மிதிப்பதை விட்டால் எதிர்க்காற்றே நிறுத்திவிடும். அதுவும் போதாவிட்டால் காலை மண்ணில் ஊன்ற வேண்டியதுதான்.

ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் கதையைத் தொடங்கினான்.

"மச்சான், நுவரெலியாவுக்குச் சைக்கிளில போவமா?"

"உனக்கு நாப்பத்தாறு வயசடா. முழங்காலைக் கேட்டனியோ?"

"அது ஓமெண்டு சொல்லீட்டுது. நீதான் மிச்சம்."

ஒரு மாதம் அவனைத் திட்டினேன். பிறகு உப்புக்குளத்துச் சைக்கிள்கடை பைறூஸிடம் பழைய கியர் சைக்கிள் இரண்டு வாங்கினோம். புறப்படுகிற அன்று வசந்தமலர் படலைவரைக்கும் வந்தாள். "றொட்னி அண்ணை, இவர் சொல்வழி கேக்கமாட்டார். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள். கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். "கயித்தில கட்டியெண்டாலும் இழுத்துக்கொண்டு வருவன் தங்கச்சி" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கும்.

மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. ஏழு நாள் மிதித்தோம். கண்டிக்கு மேலே மிதித்தோம் என்று சொல்வதே பொய், பாதித் தூரம் தள்ளினோம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே தள்ளினேன். அவன் ஒவ்வொரு நீர்வீழ்ச்சிக்கும் நின்று போனில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினான். நுவரெலியாவுக்கு அப்பால் அம்பேவலப் பக்கம் போனபோது மலை முடிந்து, மேலே பரந்த புல்வெளி. கண் எட்டும் தூரத்துக்குச் சமதரை.

"பாரடா, மலைக்கு மேலயும் மன்னார்தான். கடலைத்தான் காணேல்லை" என்றான். அவன் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் கண்டதே இல்லை.

அன்று பின்னேரம் மழையில் நன்றாக நனைந்தோம். அடுத்தநாள் காலை நுவரெலியா விடுதி முற்றத்தில் சைக்கிள் இரண்டும் ஈரமாக நின்றன. ஈர இரும்பைக் கண்டால் என் கை சும்மா இராது. பையில் சின்னப் போத்தலில் கொஞ்ச எண்ணெய்தான் மிஞ்சியிருந்தது. ஒரு சைக்கிளுக்குத்தான் காணும். வீடு போய்ச் சேரும்போது அவனுடையது மினுங்கட்டும் என்று நினைத்தேன். இருந்த கொஞ்ச எண்ணெயையும் அவன் சைக்கிளுக்குத்தான் பூசினேன். றிம் இரண்டையும் வடிவாக, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஏறுகிற நாளெல்லாம் பிறேக்கை யார் நினைத்தார்கள்? இனி இறக்கம் என்பது எனக்கு மூளையில் ஏறவில்லை. சமதரையில் பிறந்த மூளை.

ஊர் எல்லை தாண்டியதும் தெரு கீழ்நோக்கிக் கவிழ்ந்தது. அவன் முன்னால், நான் பின்னால். இரண்டாவது வளைவுக்குக் கிட்ட அவன் குரல் கேட்டது.

"றொட்னி, பிறேக் பிடிக்குதில்லையடா!"

இரண்டு கையாலும் பிறேக்கை இறுக்கிப் பிடித்திருந்தான். முதுகு முழுக்க விறைத்திருந்தது. மன்னாரில் செய்வதுபோலக் காலைத் தெருவில் ஊன்றிப் பார்த்தான், செருப்புப் பறந்தது. வெறுங்காலால் மறுபடியும் ஊன்றினான். என் பிறேக் பிடித்தது. நான் நின்றேன். அவன் போய்விட்டான்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பள்ளத்தில் இறங்கித் தூக்கிவந்தார்கள். உயிர் இல்லை. சைக்கிளையும் மேலே கொண்டுவந்து போட்டார்கள். நான் றிம்மில் விரலை வைத்துப் பார்த்தேன். வழுக்கியது.

பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், வேகமாக வந்தாரா என்று. என் சிங்களம் அரைகுறை. ஆனால் உண்மையைச் சொல்லாததற்கு அது காரணம் இல்லை. பயம். தலையை ஆட்டினேன். தலையாட்டியதை எழுதிக்கொண்டார்கள். பிறகு வசந்தமலருக்குப் போன் எடுத்தபோது அந்தப் பொய் வாய்க்குள் தயாராக இருந்தது. "சொல்லச் சொல்லக் கேக்காமல் வேகமா விட்டவன் தங்கச்சி" என்றேன்.

அவள் செத்தவீட்டில் அழவில்லை. "விளையாடப் போய்ச் செத்தவருக்கு நான் ஏன் அழவேணும்? பிள்ளையள நினைச்சிருந்தா மெதுவா வந்திருப்பார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அவன் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். வயலையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்தாள். அவன் பெயரை யாராவது எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

போன மாதம் அவன் தம்பி தனஞ்சயன் என் கொட்டிலுக்கு வந்தான். "அண்ணை செத்து ஒரு வருசமாகுது, ஆட்டைத் திவசம் வருது. அண்ணி செய்யமாட்டன் எண்டு நிக்கிறா. கடைசியா அண்ணையோட நிண்டது நீங்கள். ஒருக்கா வந்து கதையுங்கோ."

போனேன். வேறு வழியில்லை. செத்தவனுக்கு ஒரு பிடி சோறு படைக்கவிடாமல் என் பொய் குறுக்கே நின்றது. வசந்தமலர் கதிரையை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணி தந்தாள். நான் குடிக்கவில்லை.

"தங்கச்சி, சுபாஸ்கரன் வேகமா வரேல்லை. நான் பொய் சொன்னனான்."

மழை, போத்தல், எண்ணெய், றிம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என்னைச் செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப அவர் பிறேக் பிடிச்சவரோ?" என்றாள்.

"ஓம். ரெண்டு கையாலயும். காலையும் ஊண்டிப் பாத்தவன், வெறுங்காலால."

"நிக்கத்தான் பாத்தவரோ?"

"கடைசிமட்டும் நிக்கத்தான் பாத்தவன் தங்கச்சி."

அப்போதுதான் குளறி அழுதாள். செத்தவீட்டில் அழவேண்டிய அழுகை. "ஐயோ என்ர ராசா, உங்களையெல்லோ நான் இவ்வளவு நாளும் திட்டினனான், எங்களை விட்டிட்டுப் போனீங்கள் எண்டெல்லோ திட்டினனான்" என்று நெஞ்சில் அடித்தாள். பிள்ளைகள் ஓடிவந்து தாயைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கனநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"எண்ணெய் பூசினதுக்கு உங்களில எனக்கு ஒண்டுமில்லை அண்ணை. அது அவரில உள்ள பாசத்தில செய்தது. ஆனா ஒரு வருசம் நான் அவரை வெறுத்தனான். அழவேண்டிய நேரத்தில வெறுத்துக்கொண்டிருந்தனான். அந்த வருசத்தை ஆர் எனக்குத் திருப்பித் தருவினம்?"

நான் குடிக்காத தேத்தண்ணியை அவள் எடுத்தாள்.

"திவசம் செய்வன். நல்லாச் செய்வன். நீங்கள் வராதேங்கோ."

சரி தங்கச்சி என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.