ஒன்பதாம் கேள்விக்கு விடை

"மூணும் பொட்ட. இவ வயித்துல ஆம்பளப் புள்ள தங்காதுடா ராஜசேகரு. அஞ்செட்டில ஒரு பொண்ணு இருக்குது. ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வந்துரலாம்."

மருமகளுக்குக் கேட்கட்டும் என்றே முனிலட்சுமி சத்தமாகச் சொன்னாள். மருமகள் சுஜாதா மூன்று முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். சத்தம் தேவையே இல்லை. மடியில் நாற்பது நாள் குழந்தை. எதிரே நாற்பத்திரண்டு விடைத்தாள்கள்.

ராஜசேகர் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஒரு மார்க் கேள்விகளை மனைவி திருத்திக் கொடுப்பது எந்த அரசாணையிலும் இல்லாத, அந்த வீட்டில் மட்டும் தவறாமல் நடக்கிற ஏற்பாடு. பிள்ளை பெற்றதற்காக இந்த வேலையில் விடுப்பு கிடையாது.

சுஜாதாவின் சிவப்புப் பேனா ஒன்பதாம் கேள்வியில் நின்றது. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எது? அ) தாயின் முட்டை ஆ) தந்தையின் விந்தணு. விடைக்குறிப்பில், கணவரின் முத்து முத்தான கையெழுத்தில், 'ஆ'.

"ஏங்க, ஒம்பதாவதுக்கு இதான் சரியா?"

"ஆமா. அம்மாகிட்ட எக்ஸ் மட்டும்தான் இருக்கும். ஒய் வர்றதுன்னா அப்பாகிட்டருந்துதான் வரணும்." பதினோரு வருடம் பாடம் நடத்திய பழக்கம், தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் முகம் வெளுத்தது.

"அத்தைக்கும் கேக்கறாப்ல சொல்லுங்க."

"என்னாடா சொல்றா?" என்றாள் முனிலட்சுமி.

மூன்று பெண்களின் தகப்பன் விடைக்குறிப்பைக் கவிழ்த்து வைத்தார். "ஒண்ணுமில்லமா. ஸ்கூல் விஷயம்."

சுஜாதா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து மளமளவென்று திருத்தி முடித்தாள்.

மறுநாள் தாள்களைக் கொடுத்ததும் வகுப்பே சலசலத்தது. 'தந்தை' என்று எழுதிய முப்பத்தெட்டு பேருக்கும் தப்பு. புத்தகத்தையே திறக்காமல் 'தாய்' என்று அடித்துவிட்ட நான்கு பேருக்கு மார்க்.

இரண்டாம் பெஞ்சு ஸோயா எழுந்தாள். "சார், புக்ல அப்பான்னுதான் இருக்கு. நீங்களும் அப்டித்தான் நடத்துனீங்க. இது யார் தப்பு சார்?"

"வீட்ல திருத்துனாங்கம்மா. அவங்க தப்பு."

வகுப்பு சிரித்தது. வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"பரவால்ல சார்," என்றாள் ஸோயா பெருந்தன்மையாக. "பாவம், மேடத்துக்கு இந்தப் பாடம் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்மா," என்றார். "தெரிஞ்சுதான் போட்டாங்க. தப்பு என்னுது."

முப்பத்தெட்டு தாளையும் திரும்ப வாங்கித் தன் கையாலேயே திருத்தினார். மணி அடித்ததும் வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அஞ்செட்டி வேணாம். மூணும் பொண்ணாப் பொறந்ததுக்குக் காரணம் நான்தான். சுஜாதா இல்ல."



"பாவி," என்றாள் முனிலட்சுமி. "எம்புள்ளயவே இப்டி பேச வெச்சுட்டாளே!"