இடுப்பில் இருந்தவன்

மாலை ஐந்து இருபதுக்கு மீசை வைத்த குழந்தை ஒன்றை வேட்பாளர் சென்னியப்பனிடம் நீட்டினார்கள்.

பிரசார வேன் தறிக்காரர் தெரு முனையில் நின்றிருந்தது. அது கடைசி நாள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். குழந்தை தன் தாய் பாவாத்தாளின் இடது இடுப்பில் உட்கார்ந்திருந்தது. கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தது. அன்றைய பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தது. அதற்கு இருபத்தைந்து வயது.

"பேரு வெச்சுருங்க சாமி" என்றாள் பாவாத்தாள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வது தொகுதியில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். சென்னியப்பன் அன்று காலையிலிருந்து பதினேழு குழந்தைகளுக்கு வைத்திருந்தார். இந்தக் குழந்தையை வாங்க அவர் கை நீளவில்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவர் முதல்முறை நின்ற தேர்தலில், இதே முனையில், இதே குழந்தையை இதே பாவாத்தாள் நீட்டினாள். அப்போது அதற்கு ஆறு மாதம். நேரமாகிவிட்டது, திரும்பி வரும்போது வைக்கிறேன் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். நேரமாகவில்லை. கைவசம் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. அடுத்த தெருவில் ஓட்டு அதிகம். அதற்காக வைத்துக்கொண்டார். அடுத்த தெருவில் யாரும் குழந்தை கொண்டுவரவில்லை. அவர் தோற்றார். மிஞ்சிய பெயரைத் தன் அரிசி ஆலைக்கு வைத்தார்.

அதற்குப் பிறகு நான்கு தேர்தலில் நின்றார். நான்கிலும் தறிக்காரர் தெருவுக்குள் போகவில்லை. இந்த முறையும் வேனை அங்கே விடக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லியிருந்தார். டிரைவர் விடவில்லை. ரேஷன் கடையைச் சுற்றிப் போனார். தெரு வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பினார். அங்கேயும் தெரு வந்தது. நான்காவது முறை எஞ்சினை அணைத்துவிட்டு, தெருதான் நம்மைத் தேடி வருகிறது, என்மேல் குற்றமில்லை என்று பீடி பற்றவைத்தார்.

"இன்னும் கீழ எறக்கி விடலியா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பேரு வெக்காத குழந்தைய எப்படீங்க மண்ணுல விடறது?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு கையால் தறி ஓட்டுவதாகவும் பழகிவிட்டதாகவும் சொன்னாள். வாரம் ஒருமுறை முகம் வழித்துவிடுவதும் அவள்தான். மீசையை மட்டும் வேண்டாம் என்று குழந்தை சொல்லிவிட்டதாம். போன தையில் பெண் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. பெயர் கேட்டார்கள். காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

சென்னியப்பன் அவளுடைய இடது தோளைப் பார்த்தார். அது வலது தோளைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. குழந்தையின் பாதங்கள் காற்றில் தொங்கின. வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.

"உங்க ஆலை அரிசிதானுங்க வாங்கறோம்" என்றாள் பாவாத்தாள். "மூட்டை மேல போட்ட பேரு நல்லாருக்குதுங்க. கதிரொளின்னு."

அவர் வேனை விட்டு இறங்கினார். மைக்கை அணைக்கச் சொன்னார். அது அணையவில்லை. குழந்தைக்கு இளமாறன் என்று பெயர் வைப்பதாக அறிவித்தார்.

தேர்தல் ஆணையத்தின் பறக்கும் படை வந்து நின்றது. அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். கூடவே வீடியோ எடுக்கும் ஒருவர். குழந்தைக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது என்றார் அதிகாரி. பதினெட்டு தாண்டியவர் வாக்காளர். வாக்காளருக்கு வேட்பாளர் எதையும் கொடுக்கக் கூடாது. பெயருக்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இளமாறன் பறிமுதல் செய்யப்பட்டது. உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். தேர்தல் முடிந்ததும் உரிய ஆவணத்தைக் காட்டிக் கருவூலத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்று ரசீது கொடுத்தார்கள். கூட்டத்தில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவருக்கும் அதே பெயர்.

சென்னியப்பன் தன் மைத்துனரும் தலைமை முகவருமான திருமூர்த்தியைப் பார்த்தார். கதிரொளியை ஆலையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று மெல்லக் கேட்டார்.

"அது அக்கா பேர்ல இருக்குதுங்க மாமா" என்றார் திருமூர்த்தி. "அக்கா கையெழுத்து வேணும். அக்கா திருப்பதி போயிருக்குது."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். சென்னியப்பனின் பிரமாணப் பத்திரத்தில் அவருடையது என்று காட்டியிருப்பது ஒரே ஒரு பெயர்தான். அதைக் கொடுக்கத் தடையில்லை. கொடுத்துவிட்டால் அவர் வேட்பாளர் இல்லை. வேட்பாளர் அல்லாதவர் யாருக்கு என்ன கொடுத்தாலும் அதைப் பற்றித் தங்களுக்குக் கவலையில்லை என்றார்.

திருமூர்த்தி சென்னியப்பனைத் தள்ளி அழைத்துப் போனார். இந்த முறை ஜெயிப்பது உறுதி என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். எதிர்க்கட்சிக்காரரே கும்பிடு போடுகிறார் என்றார். இருபத்தைந்து வருடம் இருந்த குழந்தை இன்னும் ஒரு மாதம் இருக்காதா?

"மணி பாருங்க. நேரமாச்சுன்னு சொல்லிட்டு ஏறுங்க மாமா. அன்னிக்குச் சொன்னீங்கல்ல?"

சென்னியப்பன் மணி பார்த்தார். ஐந்து ஐம்பது. திரும்பி வந்தார். நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பாவாத்தாள் தலையை ஆட்டினாள். அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையைச் சற்று மேலே ஏற்றி உட்காரவைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். நீண்ட தூரம் நடக்கப் போகிறவள் போல மூச்சை இழுத்து விட்டாள்.

சென்னியப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் வலது காதருகே குனிந்தார். காதில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது.

"சென்னியப்பன்" என்றார். மூன்று முறை சொன்னார்.

முதல் முறை சொன்னதும் வேன் மேல் இருந்த பேனரில் எழுத்து மறைந்தது. படம் மட்டும் கும்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை சொன்னதும் ஒலிபெருக்கியில் உங்கள் பொன்னான வாக்குகளை என்று ஆரம்பித்த குரல் அதற்கு மேல் போகாமல் நின்றது. மூன்றாம் முறைக்கு அதிகாரி பட்டியலில் ஒரு கோடு கிழித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

திருமூர்த்தி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மரியாதையாக, கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே, வேன் எடுக்கணும் என்றார். மாலைகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வேன் போயிற்று. கூட்டமும் அதன் பின்னால் போயிற்று.

அவருக்கு லேசாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது என்று நினைத்தார். பாவாத்தாள் இப்போது குழந்தையை இறக்கிவிடுவாள். அதை நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தார்.

பாவாத்தாள் குனிந்தாள். குழந்தை கால்களை மடக்கி மேலே இழுத்துக்கொண்டது. தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கிக் காதுக்குள் விட்டது. நிதானமாக மூன்று முறை துடைத்தது. பேப்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முதன்முறையாகப் பேசியது. குரல் கட்டையாக இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. இந்தப் பேரு வேண்டாமுங்க."

சென்னியப்பனாக இருந்தவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எங்க தெருவுல தறி ரிப்பேர்க்காரரு நாளைக்கு வர்றேன்னு சொன்னாருன்னா, நெசமா வர்றீங்களா, சென்னியப்பனாட்டம் வர்றீங்களான்னுதானுங்க கேப்போம். சின்னப் புள்ளைங்ககூட அப்படித்தான் கேக்கும். அந்தப் பேர வெச்சுக்கிட்டு நான் ஒருத்தர்கிட்டப் போயி என்னன்னு சொல்றதுங்க?"

பாவாத்தாள் அவனை அதட்டினாள். பெரியவங்க கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றாள். சொல்லிக்கொண்டே குழந்தையை இறங்கிய தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

பெரியவர் தன் சட்டைப் பையைத் தடவினார். அதில் ரசீது ஒன்றுதான் இருந்தது. தெருவில் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. குழந்தை அவர் முகத்தைப் பொறுமையாகப் பார்த்தது. இருபத்தைந்து வருடம் காத்திருந்த பொறுமை அது.

"வேற பேரு ஏதாச்சும் இருக்குங்களா?"