பிளக்கைப் பிடுங்கி வாங்கிய டிஸ்க்

லெபனானில், திரிப்போலி இரத்த வங்கியின் புது சர்வருக்கு டிஸ்க் வாங்கும் பொறுப்பு ரபாபிடம் வந்தபோது, அவள் யாரிடமும் சொல்லாமல் மகிழ்ந்தாள். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது அவள்தான்.

பழைய சர்வர் அவளை ஒருமுறை படாதபாடு படுத்தியிருந்தது. அரசு மின்சாரம் போய், ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது. மீண்டும் எழுந்தபோது, சற்றுமுன் ஒரு கர்ப்பிணிக்கு ஒதுக்கிய இரத்தப் பை யாருக்கும் ஒதுக்காததாகக் காட்டியது. அதே பையை இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பெய்ரூத்திலிருந்து டாக்ஸியில் வேறு பை வந்து சேர்ந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. ஆனால், காத்திருந்த அந்தக் கர்ப்பிணியின் கணவனுக்குப் போன் செய்து "பை இல்லை" என்று சொன்னவள் ரபாப். அவனுடைய குரலை அவளால் மறக்க முடியவில்லை.

கடைக்காரன் ஃபாரிஸ் இரண்டு வகை டிஸ்க்கோடு வந்தான்.

"இதை எடுத்துக்கோ ரபாப். மின்னல் வேகம். அந்த இன்னொண்ணு ஆமை."

"வேகம் அப்புறம். ரெண்டையும் மாட்டு. பிடுங்கிப் பாக்கணும்."

"எதை?"

"கரண்டை."

ஃபாரிஸ் சிரித்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி உன் புருஷனையும் இப்படித்தான் சோதிச்சியா, ஹபீப்தி?"

"அதைச் செய்யாம விட்டதாலதான் இப்போ உஷாரா இருக்கேன். மாட்டு."

"யூபிஎஸ் இருக்கே?"

"அதோட பேட்டரி எப்போ கையை விரிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

பொய்ப் பெயர்களை டேட்டாபேஸில் ஓயாமல் பதிக்கும் சின்ன நிரல் ஒன்றை அவள் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பெயரும் டிஸ்க்கில் பதிந்துவிட்டதாக அந்த டிஸ்க்கே தகவல் தந்தபின்தான் பக்கத்து லேப்டாப்பில் அது தெரியும். பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

முதலில் வேகமான டிஸ்க். சர்வர் எழுந்ததும் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டாள். லேப்டாப்பில் தெரிந்த கடைசிப் பெயர்கள் சில டிஸ்க்கில் இல்லை.

"எழுதிட்டேன்னு பொய் சொல்லுது, பாரு."

"வல்லாஹி, சத்தியமா ஏதோ தற்செயல். இன்னொரு தடவை பிடுங்கு."

பிடுங்கினாள். மறுபடியும் பெயர்கள் காணாமல் போயிருந்தன. அடுத்து ஆமை. மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்குமளவு மின்சாரத்தைத் தன்னுள்ளேயே சேமித்து வைக்கும் வகை அது. ஃபாரிஸே பிளக்கைப் பிடுங்கினான், வேண்டுமென்றே பலமுறை. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை.

அவன் முகம் சுருங்கியது. "அந்த மின்னலைத்தான் என் மச்சானோட மருந்துக்கடையில மாட்டியிருக்கேன்."

"அப்போ இன்னிக்கே போய்க் கழட்டு. சாப்பிட்டுட்டுப் போ."

மனகீஷ் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடியே அவன் மச்சானைப் போனில் அழைத்தான். மறுமுனையில் விழுந்த திட்டு ரபாபுக்கும் கேட்டது.

ஆமை டிஸ்க்கோடு புது சர்வர் ஓடத் தொடங்கிய வாரமே, வேலை மும்முரத்தில் மின்சாரம் போனது. யூபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டுச் செத்தது. ஜெனரேட்டர் பிடித்து எல்லாம் எழுந்ததும், ஒதுக்கீட்டு மேசையிலிருந்த சமரிடம் ரபாப் ஓடினாள்.

"கடைசியா யாருக்குப் பை ஒதுக்கினே?"

"ஸ்கர்த்தா ஊர்க் குழந்தைக்கு. ஏன்?"

"இருக்கா?"

"இருக்கே. அந்தப் பிள்ளை பேர்லதான் இருக்கு. நீ ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"

"சும்மாதான்" என்றாள் ரபாப். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. சமர் அதற்குள் அடுத்த போனை எடுத்திருந்தாள்.