மெட்டடோர் வேனில் இருவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பட்டறையில் கிடைத்தது. 1984, மார்கழி. கோவில்பட்டியில் என் சைக்கிளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டே பட்டறைக்காரர் ராஜமணி சொன்னார்: "தீப்பெட்டி லோடு அடிச்ச பழைய மெட்டடோர் வேன் அண்ணாச்சி. உள்ள கட்டில் அடிச்சு, ஸ்டவ்வுக்குத் தட்டு வச்சு வாங்கிட்டுப் போனாரு ஒருத்தரு. புருசனும் பொண்டாட்டியுமா அருவி, கடல்னு பாக்கப் போறாவளாம்."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. நன்றாகவே கட்டியிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கரிசல் வெயிலில் வாடிய ஒரு பெண்ணின் கண்களில் அருவியின் கனவு—'

வேண்டாம். எஸ்தர்ராணி வாடியவள் அல்ல. புதூர்ப் பக்கம் டீச்சர். ஒரு வகுப்பையே ஒற்றைக் குரலில் உட்கார வைப்பவள். கணவன் மிக்கேல்ராஜ் லாரி ஓட்டியவன். பிள்ளைகள் இல்லை. (அதற்காக அவர்கள் அழுவார்கள் என்று காத்திருப்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.) அரைப் பரீட்சை லீவில் கிளம்பினார்கள்.

3

குற்றாலத்தில் வேனை நிறுத்திவிட்டுச் செண்பகாதேவி அருவிக்கு மலையேறினார்கள். இறங்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மிக்கேல்ராஜ் ஒவ்வொரு கல்லையும் காலால் தடவித் தடவி இறங்கினான். பாதை வளையும் இடத்தில் வளையாமல், நேரே ஓடைப் பள்ளத்தை நோக்கிப் போனான். எஸ்தர்ராணி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பள்ளம் தெரியலையா?"

அவன் பாறையில் உட்கார்ந்தான். "இருட்டினா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. பகல்லயும் நேரா பாத்தாத்தான் தெரியுது. சரியாகாதுன்னுட்டாரு டாக்டரு. முழுசா போகுமுன்ன உங்கூட நாலு எடம் பாத்துரணும்னுதான் வேன் வாங்குனேன்."

"இந்தக் கண்ண வச்சிக்கிட்டா என்னைய இம்புட்டு தூரம் ஓட்டிட்டு வந்தீய?"

(இந்த இடத்தில் அவளை அழ வைத்து ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது கோபம்.)

மறுநாள் விடிந்ததும் அவன் முன்னால் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் அவள் ஓட்டப் பழகினாள். என்ஜின் சத்தத்தைக் கேட்டே அவன் கியர் சொன்னான். (லைசென்ஸா? கேட்காதீர்கள்.)

4

தூத்துக்குடி உப்பளம் வரை வேனை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள். வரப்பில் வெகுதூரம் நடந்த பிறகு, தண்ணீரில் பூநாரைக் கூட்டம்.

"நாலஞ்சுதான் நிக்கி," என்றான் மிக்கேல்ராஜ்.

"தலையை மெதுவாத் திருப்புங்க."

திருப்பினான். "ஆமா. இன்னும் இருக்கா?"

"இன்னும் திருப்புங்க."

திருப்பிக்கொண்டே வந்தான். பறவைகள் முடியவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "போதும் எஸ்தர். வீட்டுக்குப் போய் வேன வித்துருவோம். நான் உனக்குப் பாரமாயிருவேன்."

"பாரத்த வண்டி இழுக்கும். ஏறுங்க."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் வடக்கே எப்போதும்வென்றான் என்ற சிற்றூர் வழியாக வீடு திரும்புகிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது, வேறு டாக்டரும் பார்க்க வேண்டும். இன்னொன்றில் தெற்கே மணப்பாட்டுக் கடலுக்குப் போகிறாள்; லீவு போட்டுக்கொள்ளலாம், அந்தக் கண் காத்திருக்காது. இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டிலும் அவள் சரியாகத்தான் செய்தாள், அதுதான் தொந்தரவு.

இப்போது வேன் அந்த இரண்டு ரோடும் பிரியும் முக்கில் நிற்கிறது. பின்னால் உப்பு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எஸ்தர்ராணி கியரைப் போட்டுவிட்டாள். எந்தப் பக்கம் ஒடிக்கலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.