ராமதாஸுக்காக எழுந்து நின்றவர்

ஜப்பானியர் பினாங்கைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்பு, தீவிலிருந்த வெள்ளைக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் படகேறிப் போனார்கள். செய்தி கேட்டு ஐசக் பங்குராவும் பெட்டியோடு துறைமுகத்துக்கு ஓடினார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய கடற்கரை நாட்டில் பிறந்து, லண்டனில் சட்டம் படித்தவர். உடன் படித்த பினாங்கு நண்பர் அழைத்ததால் ஜார்ஜ்டவுனுக்கு வந்து வழக்கறிஞராக இருந்தார். துறையில் நின்ற வெள்ளை அதிகாரி அவர் முகத்தைப் பார்த்ததுமே துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். பங்குரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமுக்கு நடந்தே திரும்பினார்.

அங்கே தம்புவின் வீட்டில் பின்னறை அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரரான தம்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். அவர் மனைவி ஞானாம்பிகை கான்வென்டில் படித்தவள். நன்றாக ஆங்கிலம் பேசுவாள்; தமிழ் தெரியாத பங்குராவோடு அந்த மொழியில்தான் பேச்சு. வழக்கறிஞரான பங்குராவை அவள் தன் ஊர் வழக்கப்படி 'அப்புக்காத்து' என்றுதான் அழைப்பாள்.

வெள்ளையரும் அல்லாத, ஆசியரும் அல்லாத இந்த மனிதரை என்ன செய்வதென்று ஜப்பானியருக்கு விளங்கவில்லை. கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். வாராவாரம் போலீஸ் நிலையத்தில் தலைகாட்டச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் வாதாடும் அனுமதியைப் பறித்தார்கள். பங்குரா கொல்லையில் மரவள்ளி நட்டார்.

ஒரு நாள் காலை ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் லாரியில் வந்தது. பங்குரா மலையிலிருந்து எதிரிக் கப்பல்களுக்கு விளக்குச் சைகை காட்டுகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். லாரியிலிருந்து தலையில் சாக்கு மூடிய ஓர் ஆள் இறங்கி, பங்குராவைச் சுட்டிக் காட்டினான். முகம் தெரியவில்லை. ஆனால் பெருவிரல் இல்லாத அந்த இடது பாதம் ஞானாம்பிகைக்குத் தெரியும். பின் சந்தில் குடியிருந்த ராமதாஸ். துறைமுகத்துக் கிடங்குகளில் கைவண்டி தள்ளுகிறவன்.

இரண்டு மாதம் கழித்து பங்குராவை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. வலது கையைச் சோற்றுக்குக்கூடத் தூக்க முடியவில்லை. ஞானாம்பிகை எண்ணெய் தடவி, கஞ்சி ஊட்டி அவரை எழுப்பி நடக்க வைத்தாள். ராமதாஸின் பெயரையும் அவள்தான் அவருக்குச் சொன்னாள். 

அடுத்த வருடம் ராமதாஸே மாட்டிக்கொண்டான். அவன் கைவண்டியில் ஒரு மூட்டை அரிசி இருந்ததாம். அது ராணுவத்தின் அரிசி என்று தீர்மானமானால் அவனைக் கெம்பெய்தாயிடம் ஒப்படைப்பார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களின் தலைகளைச் சந்தைக் கம்பத்தில் ஊர் பார்த்திருந்தது.

அவன் மனைவி வடிவம்மாள் ஒரு மதியம் கொல்லைப்புறமாக வந்தாள். பங்குரா கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. எந்த வக்கீலும் வரமாட்டேங்கறாங்க. நாளன்னிக்கு விசாரணை."

"என்ன வேண்டுமாம் அவருக்கு?" என்று பங்குரா ஆங்கிலத்தில் கேட்டார்.

"பழைய சேலை இருக்குமா என்று கேட்கிறாள்," என்றாள் ஞானாம்பிகை, ஆங்கிலத்தில்.

பங்குரா தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாததைப் பார்த்து வடிவம்மாள் பதறினாள். மண்ணில் மண்டியிட்டு, அவரைக் கையால் காட்டி, "லாயர்! லாயர்!" என்று அழுதாள்.

பங்குரா நிமிர்ந்தார். "சேலை கேட்கிறவர் எதற்கு லாயர் என்கிறார்?"

ஞானாம்பிகைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இவள் ராமதாஸின் மனைவி. உங்களைக் காட்டிக் கொடுத்தவனின் மனைவி. அவனுக்காக நீங்கள் போய்ப் பேச வேண்டுமாம். போதுமா?"

அவர் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார்.  பிறகு சொன்னார்: "அரிசி எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று கேளுங்கள்."

"முனிசிபால் ஸ்டோருங்க. ஜனங்களுக்குப் பங்கீடு போடற அரிசி," என்றாள் வடிவம்மாள். "புள்ளைங்க பட்டினின்னுதான் எடுத்தாரு. சத்தியமா ராணுவத்தோடது இல்லீங்க."

மாலையில் தம்பு வந்ததும் வீட்டில் சண்டை.

"இந்த மனுசன் சாகப் போறார். நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?" என்றாள் ஞானாம்பிகை.

"சொல்லிப் பாத்திட்டன். கேக்கிற ஆளே இவர்?"

பங்குரா அவர்களிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் என்னை அடித்தவர்கள் ஒரு நாள்கூட என்ன சாட்சி இருக்கிறது என்று கேட்கவில்லை. அதே அறைக்கு இவனும் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் கிழங்கு தோண்ட முடியாது."

லைட் தெரு நீதிமன்றத்தில் உள்ளூர் நீதிபதி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி, வாளை மேசைமேல் கிடத்தியிருந்தான். ராமதாஸ் கூண்டில் நின்றான். அவன் தமிழை ஆங்கிலமாக்கத் தம்பு கீழே நின்றார். பார்வையாளர் வரிசையிலிருந்து பங்குரா எழுந்தபோது ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். தன்மேல் பழி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தானாம்.

"உங்களுக்கு அனுமதி இல்லை, மிஸ்டர் பங்குரா," என்றார் நீதிபதி. 

"இல்லை. ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். திருட்டுக்குப் பழைய சட்டமே செல்லும் என்று இந்த அரசாங்கமே அறிவித்திருக்கிறது. இது ராணுவ அரிசி என்றால் மூட்டையைக் கொண்டுவந்து காட்டட்டும்."

அதிகாரியின் ஆள் அதை ஜப்பானிய மொழியில் சொன்னான். அதிகாரி எழுந்து வந்து பங்குராவைக் கன்னத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி தம்புவின் காலடியில் வந்து விழுந்தது. தம்புவுக்குக் குனியக்கூடத் துணிவில்லை. பங்குராவே வந்து எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கனம் நீதிபதி அவர்களே, நான் இன்னும் முடிக்கவில்லை. மூட்டையைப் பார்க்க வேண்டும்."

நீதிபதி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி ஏதோ உறுமினான். வெளியே போன காவலன் மூட்டையோடு வந்தான். அதில் முனிசிபாலிட்டியின் முத்திரை பச்சை மையில் பெரிதாக இருந்தது. அதிகாரி அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அவன் ஏன் உட்கார்ந்தான் என்பதைத் தம்புவால் பின்னாளிலும் சொல்ல முடியவில்லை.

சாதாரணத் திருட்டு, ஒரு வருடம் சிறை என்று நீதிபதி அவசர அவசரமாகத் தீர்ப்பு எழுதினார். வடிவம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரமே பங்குராவைச் சயாமில் ஜப்பானியர் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்துதான் திரும்பினார், எலும்பும் தோலுமாக. வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ராமதாஸும் வடிவம்மாளும் வாழைப்பழச் சீப்போடு வாசலுக்கு வந்தார்கள். ராமதாஸ் அவர் காலில் விழப் போனான். பங்குரா பின்வாங்கினார்.

"போகச் சொல்லுங்கள்," என்றார் ஞானாம்பிகையிடம். "கோர்ட்டில் இவனுக்காக நின்றேன். வீட்டில் இவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது."

அவள் அதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வலித்தது.

சில வாரங்களில் பங்குரா கப்பலேறினார். தன் நாட்டில் தொழிலாளிகளுக்காக வழக்காடினார். பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு முறை சிறையில் போட்டார்கள். நாடு விடுதலையானபோது அவரையே அதிபராக்கினார்கள். தம்பு ஆயர் ஈத்தாம் முழுக்க அந்தப் பத்திரிகையைக் காட்டித் திரிந்தார்.

ஆறு வருடம் ஆண்டார். பிறகு, அவரைக் கொல்லச் சதி செய்த ராணுவ அதிகாரிகள் பிடிபட்டார்கள். பாசறையிலேயே சுட்டுவிடலாம் என்றார் தளபதி. பங்குரா வெளிப்படையான விசாரணைக்கு உத்தரவிட்டார். சாட்சி போதாமல் ஒரு மேஜர் விடுதலையானான். மறு வருடம் அந்த மேஜரே பீரங்கி வண்டிகளோடு வந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினான்.

"அந்த மேஜரை அண்டைக்கே சுட்டிருக்க வேணும்," என்றார் தம்பு, பத்திரிகையை மடக்கியபடி.  அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் ஞானாம்பிகை கேட்டாள்.

இருந்தார். காவலிலிருந்து விட்டதும் சொந்த ஊரில் பழையபடி வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார். ஒரு மாநாட்டுக்காக அந்தப் பக்கம் போன பினாங்கு வழக்கறிஞர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஞானாம்பிகை அந்த வழக்கறிஞரைத் தேடிப் போய், "அந்த மேஜரை விட்டதை நினைச்சு அப்புக்காத்து கவலைப்படுறாரோ?" என்று கேட்டாள்.

"நானும் அதையேதான் கேட்டேன்," என்றார் அவர். "சில நாள் ரொம்ப வருத்தப்படுவாராம். 'ஆனால் அவனுக்கு எதிராகச் சாட்சி இல்லையே' என்றார்."